பீங்கான் லைன் குடம்

பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். படியில் தொங்கியவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறேன். சீட்டு எடுக்காமல் தூங்குவதுபோல் நடித்த போலீஸ்காரரை எழுப்பி சீட்டு எடுக்க வைத்திருக்கிறேன். பிலோமினா என்ற பேரைச் சொன்னால் எங்கள் தடத்தில் டிரைவர்களே ஒதுங்கி நிற்பார்கள். அப்படிப்பட்ட என்னை ஒரு கண்ணாடிப் பலகை, “அன்பான புதிய ஆட்டக்காரரே!” என்று கொஞ்சியபோது வந்த எரிச்சல் இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

“முதலில் திரையை அறிந்துகொள்வோம்” என்றது அது. பெண் குரல். ‘தோழி’ என்று பேர் வைத்திருந்தார்கள். “இடப்பக்கம் வரைபடம். மேலே உங்கள் துளிகள். கீழே கட்டு, அனுப்பு, இழு, காப்பு ஆகிய பொத்தான்கள். வலப்பக்கம் வரிசை.”

“இரும்மா, ஒவ்வொண்ணா சொல்லு. நாலு ஸ்டாப்பிங்க ஒரே மூச்சுல சொன்னா எறங்கறவன் எங்க எறங்குவான்?”

“தங்கள் கேள்வி புரியவில்லை. மீண்டும் தொடங்குகிறேன். அன்பான புதிய ஆட்டக்காரரே!”

பின்னால் நின்ற தெருவே சிரித்தது. எனக்கு அந்தப் பலகையைத் தூக்கிக் கால்வாயில் போட்டுவிடலாம் போல இருந்தது. போட முடியாது. எங்கள் தெருவின் தண்ணீர் அதற்குள்தான் இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் தெருவான பாதிரியார் தோட்டத்தையும் சேர்த்து மொத்தம் எட்டு இடங்களுக்கு ஒரே நீர்த்தொட்டி. முன்பெல்லாம் தண்ணீர் வராவிட்டால் காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு போய் மெயின் ரோட்டில் உட்காருவோம். சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் வருவார், அவருக்குப் பின்னால் என்ஜினீயர் வருவார், மத்தியானத்துக்குள் லாரியும் வந்துவிடும். ஆறு வருடத்துக்கு முன்னால் ‘சமநீர்’ என்று ஒரு கம்பெனி வந்தது. தண்ணீர் பற்றாக்குறை, யாருக்குக் கொடுப்பது யாருக்கு நிறுத்துவது என்று அதிகாரிகள் முடிவு செய்தால் பாரபட்சம் என்கிறீர்கள், ஆகவே இனிமேல் யாருமே முடிவு செய்ய வேண்டாம், ஆட்டம் முடிவு செய்யட்டும் என்றார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பலகை, ஓர் ஆட்டக்காரர். தண்ணீர் குறைகிற நாட்களில் மட்டும் காலையில் ஒரு சுற்று. கடைசியாக வருகிற தெருவுக்கு அன்று குழாய் மூடிக்கொள்ளும். ஒரே வருடத்தில் மூன்று முறை கடைசியில் வந்தால் குழாயை வெட்டி, உள்ளே சிமெண்ட் ஊற்றி, தெருவைக் காலி செய்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடுவார்கள்.

ஆட்டம் வந்த பிறகு ஒரு தெருவும் ரோட்டில் உட்காரவில்லை. யாரை எதிர்த்து உட்காருவது? தண்ணீர் நின்றால் ஜனங்கள் நேராக ஆட்டக்காரன் வீட்டுக்குப் போய்த் திட்டினார்கள்.

எங்கள் ஆட்டக்காரன் தயாளன். கெட்டிக்காரப் பிள்ளை, பிரமாதமாக ஆடுவான். ஆனால் எதிரே வெண்முகில் டவர்ஸ். இருபத்தெட்டு மாடி, நீச்சல் குளம், சம்பளத்துக்கு ஆட்டக்காரர்கள். ஆட்டத்தில் செலவழிக்கிற துளிகளைக் காசு கொடுத்தே வாங்கிக் கொட்டுவார்கள். தயாளன் ஒருமுறை கடைசியில் வந்தான். இரண்டாம் முறை வந்த அன்று யாரோ அவன் வீட்டுக் கதவில் செருப்பை விட்டெறிந்தார்கள். அடுத்த வாரம் டவர்ஸ்காரர்கள் அவனைச் சம்பளம் பேசிக் கூட்டிக்கொண்டார்கள். அவனும் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செருப்பு விழுந்த வாசலில் எவன் உட்கார்ந்து ஆடுவான்?

படிப்பகத்தில் கூட்டம் போட்டார்கள். அடுத்து யார் ஆடுவது என்று கேட்டபோது எல்லாருக்கும் தரையில் ஏதோ அதிசயம் தெரிந்தது, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு குணசுந்தரிதான் வாயைத் திறந்தாள்.

“பிலோக்கா ஆடட்டும். அது ஒரு சத்தம் போட்டா கம்ப்யூட்டரே பயந்துகினு தண்ணிய வுட்டுடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். கோபத்தில், “குடுங்கடி இங்க” என்று வாங்கிக்கொண்டேன். அப்படித்தான் ஆட்டக்காரியானேன், வேறு தகுதி ஒன்றும் கிடையாது.

பயிற்சி ஆட்டத்தில் முதல் லாரியைக் கால்வாய்க்குள் அனுப்பினேன். “வாழ்த்துகள்! உங்கள் முதல் லாரியை இழந்துவிட்டீர்கள்” என்றாள் தோழி. தொட்டியைக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் கட்டினேன். வரைபடத்தைப் பெரிதாக்க இரண்டு விரலால் விரிக்க வேண்டுமாம். நான் விரித்த விரிப்பில் எங்கள் மண்டலமே காணாமல் போய், ஏதோ ஒரு தெருவிளக்கு மட்டும் திரை முழுக்க நின்றது. ‘இழு’ என்றால் அடுத்த தெருவின் தண்ணீரை இழுப்பது என்று தெரியாமல், குழாயை இழுத்து நீட்டுகிறார்களாக்கும் என்று நினைத்து நாலு தெருவை வறள வைத்துவிட்டேன். அந்த ஒரு ஆட்டத்தில்தான் எனக்கு முதல் பரிசு.

வலப்பக்கத்து வரிசைதான் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அதில் எட்டு குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எங்களுடையது மஞ்சள். டவர்ஸ் வெள்ளை. கால்வாய்க்கு அக்கரையில் இருக்கிற பீங்கான் லைன் நீலம். சுற்று முடியும்போது கடைசியில் நிற்கிற குடத்துக்குத் தண்ணீர் இல்லை. உன் குடத்தை ஓர் இடம் முன்னால் நகர்த்த ஐம்பது துளி. அடுத்தவர் குடத்தைப் பின்னால் தள்ள முப்பது.

“தள்றது மட்டும் மலிவா?” என்று கேட்டேன்.

“ஆட்டம் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக.”

“நல்லா இருக்கும்டி ஒங்க சுறுசுறுப்பு.”

எட்டு இடத்துக்காரர்களும் சேர்ந்து ஆடிய அன்றைய பயிற்சிச் சுற்றில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். நீலக் குடம் கடைசியில் நின்றது. அதன்மேல் ‘ஆள் இல்லை’ என்று சின்னதாக எழுதியிருந்தது. பீங்கான் லைன் ஆட்டக்காரி எங்கேயோ எழுந்து போயிருக்கிறாள். என் விரல் தன்னால் போய் அந்தக் குடத்தை ஓர் இடம் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டது.

குழாயடியில் நின்று பழகியவர்களுக்கு இது புரியும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போவாள், ஒருத்தி அடுப்பை அணைக்கப் போவாள். வரிசை நகரும்போது பின்னால் நிற்பவள் அந்தக் குடத்தையும் காலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அவளோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், முந்தாநாள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாலும், தள்ளத்தான் வேண்டும். ஆள் இல்லாத குடத்தைத் தாண்டிப் போனவளுக்கு அன்றைக்குத் தெருவில் நல்ல பேர் கிடைக்காது.

“அது உங்கள் குடம் அல்ல” என்றாள் தோழி.

“தெரியும். ஆளு இல்லல்ல, அதான் நவுத்தி வெச்சேன்.”

“அதனால் உங்கள் குடம் கடைசிக்கு வந்துவிட்டது.”

பார்த்தேன். ஆமாம். குழாயடியில் எல்லாக் குடமும் சேர்ந்து முன்னே போகும். இந்தப் பாழாய்ப்போன திரையில் ஒன்று முன்னால் போனால் இன்னொன்று பின்னால் வந்தாக வேண்டும். அது எனக்கு உறைக்கவில்லை.

“சரி வுடு. இதுக்கு எவ்ளோ துளி எடுத்துகினே?”

“துளி எதுவும் கழிக்கப்படவில்லை. பிறர் குடத்தை முன்னால் நகர்த்துவதற்கு விலை நிர்ணயிக்கப்படவில்லை.”

“ஏன்?”

“யாரும் செய்யமாட்டார்கள் என்பதால்.”

அந்தப் பதில் எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டது. எங்களைப் பற்றி யார் இவர்களுக்கு அப்படிச் சொன்னது? ஏசி அறையில் உட்கார்ந்து எட்டு குடம் வரையத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு குழாயடியைப் போய்ப் பார்க்கத் தெரியவில்லையா?

கோபத்தை அடக்கிக்கொண்டு வேறு சந்தேகங்களைக் கேட்டேன். சுற்று பன்னிரண்டு மணிக்கு முடியும் என்றாள். ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது ஒரு குடத்தை நகர்த்தினால் இன்னும் இரண்டு நிமிடம் சேரும். அதற்குள் யாராவது நகர்த்தினால் மேலும் இரண்டு.

“இது யார் வெச்ச சட்டம்?”

“வெண்முகில் டவர்ஸ் குடியிருப்போர் சங்கத்தின் கோரிக்கையின்பேரில் சேர்க்கப்பட்டது. ஒருமுறை அவர்கள் கடைசி நொடியில் தோற்றுவிட்டார்கள்.”

“சுத்து முடியற வரிக்கும் வால்வு?”

“எல்லா வால்வுகளும் திறந்திருக்கும். முடிந்த பிறகே மூடும் உத்தரவு போகும்.”

“அக்கரையில ஆடறவங்கள போய்ப் பாத்துப் பேசலாமா?”

“எதிராளியோடு பேசுவது கூட்டுச் சதி. இரண்டு தெருக்களின் இணைப்பும் துண்டிக்கப்படும்.”

இதையெல்லாம் கேட்டபோது என் மனதில் திட்டம் ஒன்றும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன். ஜெயிக்க வேண்டும் என்றுதான் கற்றுக்கொண்டேன். மூன்று வாரத்தில் லாரியைக் கால்வாயில் விடாமல் ஓட்ட வந்தது, அவ்வளவுதான் என் வித்தை. எங்கள் தெருவைப் போலவே பீங்கான் லைனும் இரண்டு முறை கடைசியில் வந்திருந்தது. அவர்கள் ஆட்டக்காரி ரஹ்மத் பீவி. என் பேருந்தில் தினமும் தோல் கம்பெனிக்குப் போய்வந்தவள், எவ்வளவு கூட்டத்திலும் சீட்டுக்குக் கையை நீட்டிவிடுவாள். இப்போது காய்கறிக் கடையில் எதிரெதிரே நின்றால்கூட இரண்டு பேரும் தக்காளியையே பார்த்துக்கொண்டிருப்போம். பேசினால் இரண்டு தெருவும் போய்விடும்.

அந்த நாளும் வந்தது. டவர்ஸ்காரர்கள் காலையிலேயே துளிகளை அள்ளி வீசி எங்கள் இரண்டு குடத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பார்த்தால் மஞ்சள் ஏழாவது, நீலம் எட்டாவது. ரஹ்மத் பீவியிடம் ஒரு துளிகூட மிச்சமில்லை என்று திரை காட்டியது. நான் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் போதும். எங்கள் தெரு பிழைத்துவிடும்.

“அக்கா, கைய எடுத்துடு! ஒண்ணுத்தையும் தொடாத!” என்று குணசுந்தரி என் தோளை அழுத்தினாள். படிப்பகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“வாழ்த்துகள்! நீங்கள் வெற்றியை நெருங்குகிறீர்கள்” என்றாள் தோழி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்ன வெற்றி? அக்கரையில் குழாய்க்குள் சிமெண்ட் ஊற்றுவதா? நாளைக்கு எங்களுக்கு ஊற்ற மாட்டார்களா? அந்த நீலக் குடத்தையே பார்த்தேன். பயமாக இருந்தது. தெருவில் நூற்றுச் சொச்சம் குடும்பம். அவர்களைக் கேட்காமல் பணயம் வைக்க நான் யார்? எல்லாம் தெரிந்துதான் செய்தேன். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. நீலக் குடத்தை ஓர் இடம் முன்னால் நகர்த்தினேன்.

மஞ்சள் கடைசிக்கு வந்தது. இரண்டு நிமிடம் சேர்ந்தது.

“அடிப்பாவி! தெருவையே வித்துட்டியே!” என்று குணசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். யாரோ பலகையைப் பிடுங்க வந்தார்கள். “தொட்டா கைய ஒடச்சிடுவேன்” என்று போட்ட சத்தத்தில் நின்றுவிட்டார்கள். குணசுந்தரி சொன்னது சரிதான், என் சத்தத்துக்கு வேலை இருந்தது.

இப்போது ரஹ்மத் பீவி சும்மா இருந்தால் போதும். அவள் தெரு பிழைத்துவிடும். நேரம் ஓடியது. ஒரு நிமிடம் போனது. மேலும் அரை நிமிடம் போனது. குடம் அசையவில்லை. சேசுவே, தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனோ? எனக்குப் பின்னால் ஒரு பெண் அழத் தொடங்கினாள்.

மஞ்சள் குடம் முன்னால் போனது.

“யாரு? யாரு நவுத்தனது?”

“பீங்கான் லைன்” என்றாள் தோழி. “காரணம் கணிக்கப்படவில்லை.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு நீலத்தை முன்னால் நகர்த்தினேன். அவள் மஞ்சளை நகர்த்தினாள். நான் நீலத்தை. கல்யாண வீட்டுப் பந்தியில் ‘நீ உக்காரு’, ‘இல்ல நீ உக்காரு’ என்று இரண்டு பெண்கள் மல்லுக்கட்டுவார்களே, அதேதான். பன்னிரண்டரை ஆயிற்று, ஒன்று ஆயிற்று. சுற்று முடியவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எட்டு இடத்திலும் வந்துகொண்டிருந்தது.

முதலில் புரிந்துகொண்டவள் குணசுந்தரிதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நவுருக்கா. ஒண்ணும் துண்ணாம கெடக்கற. நான் கொஞ்ச நேரம் தள்றேன்.”

மூன்று மணிக்குத் தயாளன் வந்தான். டவர்ஸ் பேர் போட்ட சட்டை, முகமெல்லாம் வேர்வை.

“பிலோக்கா, வேலைய வுட்டுட்டேன், இப்ப பேசுனா சதி இல்ல. அங்க எல்லாரும் கத்திகினு இருக்காங்க.”

“ஏன், அங்க தண்ணி வரலியா?”

“வருது.”

“அப்புறம் இன்னாத்துக்குக் கத்தறாங்க?”

“முடிவு வரலைன்னு.”

படிப்பகம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தோம். அவனும் சிரித்துவிட்டான்.

“எட்டு எடத்துக்கும் வருதேடா, பத்தாக்கொறைன்னாங்களே?” என்றேன்.

“மேல் மாடிங்களுக்குக் கொஞ்சம் மெல்ல ஏறுதுக்கா. நீச்சல் கொளம் ரொம்பல. அவ்ளோதான்.” தரையில் உட்கார்ந்தான். “உங்க ரெண்டு கொடத்தையும் தள்ளி எப்படியாவது முடின்னாங்க. தள்ளுனா அதுக்கும் ரெண்டு நிமிஷம் சேருது. சட்டம் அவங்களோடது. நான் தொடாம இருந்தாத்தான் அவங்களுக்கு நல்லதுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.”

“இனிமே இன்னா செய்வாங்க?”

“கம்பெனிக்காரங்க சர்வரை நிறுத்திடுவாங்க.”

“நிறுத்துனா?”

“மூடச் சொல்லி உத்தரவு போகாது. வால்வு தொறந்தே கெடக்கும். மூடணும்னா ஆள்தான் சாவியோட வரணும்.”

“ஆளா?” எழுந்து நின்றுவிட்டேன். “மனுஷ ஆளா?”

“ஆமா. ஏன் கேக்கறீங்க?”

 வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து என் மஞ்சள் குடத்தை இறக்கினேன். அடியில் தூசு படிந்திருந்தது. கழுவி வைத்தேன்.

ராத்திரி முழுக்க முறை வைத்துத் தள்ளினார்கள். விடிந்ததும் தோழி கடைசியாகப் பேசினாள். “அன்பான ஆட்டக்காரரே, பராமரிப்புப் பணிக்காக ஆட்டம் நிறுத்தப்படுகிறது. தங்கள் பங்கேற்புக்கு நன்றி.”

“போயிட்டு வா தாயி. ஒன் மேல கோவம் இல்ல” என்றேன். திரை இருண்டது.

வால்வுக் குழி கால்வாய்ப் பாலத்தின் ஓரத்தில் இருக்கிறது. நாங்கள் இந்தப் பக்கமிருந்து குடங்களோடு போனோம். அந்தப் பக்கமிருந்து பீங்கான் லைன் வந்தது. முன்னால் ரஹ்மத் பீவி, இடுப்பில் நீலக் குடம். ஆட்டம் இல்லை, ஆகவே சதியும் இல்லை, பேசலாம். இத்தனை நாளுக்கு அப்புறம் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை வசவுதான்.

“ஏண்டி, அவ்ளோ நேரம் எடுத்துகினே? என் உயிரே போச்சு!”

“நான் இன்னா பண்றது கண்டக்டரம்மா? தொடாதே தொடாதேன்னு எங்காளுங்க ரெண்டு கையையும் புடிச்சிகினாங்க. கடசீல மூக்கால தள்ளிட்டேன்.”

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். குடம் நடுவில் இடித்தது.

குழியைச் சுற்றிக் குடங்களை அடுக்கிவிட்டு உட்கார்ந்தோம். வெயில் ஏறிய நேரத்தில் அவர் வந்தார். தோளில் ஆளுயரத்துக்கு இரும்புச் சாவி. வயதான மனிதர், பேர் ஏகாம்பரமாம். “வழி வுடுங்கம்மா, என் பொழப்ப கெடுக்காதீங்க” என்றார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நான் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினேன்.

“மொதல்ல குடிங்கண்ணே. குடிச்சிட்டு சொல்லுங்க. யாரு அனுப்புனது?”

“ஆர்டர்மா.”

“ஆர்டர் தானா வராதுண்ணே. எத்தினி ஆர்டர் பாத்திருக்கேன். ஒரு வாய் சொல்லித்தான் வரும். யாரு வாய்?”

அவர் தண்ணீரை முழுக்கக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு பேரைச் சொன்னார். பேரோடு, அந்த ஆள் எந்த அலுவலகத்தில் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சொன்னார். பிறகு சாவியைப் பாலத்தில் சாய்த்துவிட்டு நிழலுக்குப் போனார்.

ஆறு வருடமாக எங்களுக்கு அந்தப் பேர் இல்லாமல்தான் இருந்தது. குடங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

இதை அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செய்தி கேட்டு மற்ற தெருக்காரர்களும் வந்துவிட, எட்டு இடத்துக் குடங்களும் படிக்கட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசையில் நிற்கின்றன. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் வெளியே வந்து பேசுகிறவரைக்கும் வரிசை கலையாது. நடுவில் வெள்ளைக் குடம் ஒன்றும் இருக்கிறது, தயாளன் கொண்டுவந்து வைத்தது. அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறான். வெயிலுக்கு ஒதுங்கி வரிசை நகரும்போதெல்லாம் ரஹ்மத் பீவி அதையும் காலால் தள்ளிவிடுகிறாள்.